எழுத்து மாறினாலும் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

விண்டோஸ் சர்ச் கட்டத்தில் "மின்கட்டணம்" என்று டைப் செய்து தேடுகிறீர்கள். அப்படி ஒரு பைல் இல்லை என்று பதில் வருகிறது. பைல் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சென்ற மாதம் சேவ் செய்தபோது அதற்கு "மின் கட்டனம்" என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ண வர வேண்டிய இடத்தில் ன வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை.

ஆனால் கூகுளில் ஒரு சொல்லைத் தவறாக டைப் செய்தால், "இதைத்தான் தேடினீர்களா?" என்று சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. எம்.எஸ். வேர்டில் தவறான சொல்லின் கீழ் சிவப்புக் கோடு விழுகிறது. அதில் ரைட் கிளிக் செய்தால் சரியான சொற்கள் வரிசையாக வருகின்றன. இதை எல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? இதற்குப் பின்னால் இருப்பவை சில எளிய கணக்குகள்தான். பேப்பரும் பென்சிலும் இருந்தால் நீங்களே அவற்றைப் போட்டுப் பார்க்கலாம். இக்கட்டுரையில் அவற்றைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே பார்ப்போம். கூடவே, இந்தக் கணக்குகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பார்ப்போம். அதுதான் முக்கியம்.

கம்ப்யூட்டருக்குத் தெரிவது எண் மட்டுமே

நாம் திரையில் பார்ப்பது எழுத்து. கம்ப்யூட்டர் தனக்குள் வைத்திருப்பது எண். யூனிகோட் முறையில் உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. தமிழில் ல என்பதற்கு 2994, ள என்பதற்கு 2995, ழ என்பதற்கு 2996. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் கம்ப்யூட்டருக்கு இவை நெருங்கியவை என்று தெரியுமோ என நினைக்க வேண்டாம். ற என்பதற்கு உரிய எண் 2993. அதுவும் ல எழுத்துக்குப் பக்கத்து எண்தான். ஆனால் யாரும் ற எழுத வேண்டிய இடத்தில் ல எழுதுவதில்லை. எண்கள் ஒன்றா, வேறா என்பது மட்டுமே கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஓர் எழுத்து என்று சொல்லும் "கி" கம்ப்யூட்டரில் இரண்டு எண்கள். க ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. "ண்" என்பதும் அப்படியே. ண ஒன்று, புள்ளி ஒன்று. "கண்ணன்" என்ற பெயரில் நமக்கு நான்கு எழுத்துகள். கம்ப்யூட்டருக்கு ஆறு எண்கள்.

இதனால் கண்ணுக்குத் தெரியாத சிக்கல்களும் வருகின்றன. "கொ" என்ற எழுத்தில் க எழுத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். "ஔவை" என்பதை முறையான ஔ எழுத்தில் எழுதுபவர்கள் உண்டு. ஒ எழுத்தையும் ள எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒளவை" என்று எழுதுபவர்களும் உண்டு. "ஸ்ரீ" என்பதையும் இரண்டு விதமாக உள்ளே பதிய முடியும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்களைக் கம்ப்யூட்டர் வேறு வேறு என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

எனவே சொற்களை ஒப்பிடும் எந்த நல்ல புரோகிராமும் முதலில் ஒரு துப்புரவு வேலையைச் செய்யும். இரண்டு விதமாக எழுதக்கூடியவற்றை ஒரே விதமாக மாற்றும். சொல்லின் முன்னும் பின்னும் இருக்கும் தேவையற்ற இடைவெளிகளை நீக்கும். அதன் பிறகே ஒப்பிடத் தொடங்கும்.

முதல் முறை: திருத்தங்களை எண்ணுதல்

ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை திருத்தங்கள் செய்ய வேண்டும்? இதுதான் முதல் முறையின் கேள்வி. மூன்று வகைத் திருத்தங்களுக்கு மட்டுமே அனுமதி. ஓர் எழுத்தைச் சேர்க்கலாம். ஓர் எழுத்தை நீக்கலாம். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம். மிகக் குறைந்த திருத்தங்களின் எண்ணிக்கையே இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள "தூரம்".

"மளிகை" என்பதை "மலிகை" என்று எழுதினால் ஓர் எழுத்துதான் மாறுகிறது. தூரம் 1. "இலட்சுமி", "லட்சுமி" இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்து நீங்குகிறது. தூரம் 1. "இலட்சுமி", "லெட்சுமி" என்றால் இ நீங்க வேண்டும், ல எழுத்து லெ ஆக வேண்டும். தூரம் 2.

இந்தத் தூரத்துக்கு லெவன்ஸ்டீன் தூரம் என்று பெயர். விளாடிமிர் லெவன்ஸ்டீன் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1965ல் இதை வெளியிட்டார். தகவல்களை அனுப்பும்போது இடையில் விழும் பிழைகளைத் திருத்துவது பற்றியே அவர் ஆராய்ந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன், 1964ல், பிரெடரிக் டேமரோ என்பவர் டைப் செய்யும்போது வரும் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்த பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நான்கே வகைகளில் அடங்கின. ஓர் எழுத்து தவறு, ஓர் எழுத்து குறைவு, ஓர் எழுத்து கூடுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியது. இந்த நான்கையும் சரி செய்தாலே பெரும்பாலான பிழைகள் தீர்ந்துவிடும் என்பது இதிலிருந்து தெரிந்தது. எழுத்துப்பிழை திருத்தும் புரோகிராம்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. நீங்கள் டைப் செய்த சொல் அகராதியில் இல்லையென்றால், அதிலிருந்து 1 அல்லது 2 தூரத்தில் உள்ள சொற்களைத் தேடி எடுத்து உங்கள் முன் வைக்கும்.

சிறிய சொற்களின் தூரத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பெரிய சொற்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக் கணக்கிடும். ஒரு சொல்லின் எழுத்துகளை மேலே வரிசையாகவும், மற்றதை இடப்பக்கம் கீழ்நோக்கியும் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை ஆன குறைந்த செலவை நிரப்பிக்கொண்டே போகும். வலது கீழ் மூலையில் கடைசியாக வரும் எண்தான் விடை.

நாம் மேலே எழுத்துகளை எண்ணினோம். பல புரோகிராம்கள் உள்ளே இருக்கும் எண்களை எண்ணும். அப்போது கணக்கு மாறிவிடும். "கண்ணன்" என்பதைக் "கணன்" என்று எழுதினால் நம் கணக்கில் ஓர் எழுத்து குறைவு. கம்ப்யூட்டர் கணக்கில் புள்ளி ஒன்று, ண ஒன்று என இரண்டு குறைவு. தமிழுக்காக எழுதப்படாத புரோகிராமைத் தமிழில் பயன்படுத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

கமலாவும் விமலாவும்

இப்போது ஒரு சோதனை. "கமலா", "விமலா" இரண்டுக்கும் தூரம் எவ்வளவு? முதல் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. எனவே 1. ஆனால் ஒரே பெயரின் இரண்டு வடிவங்களான இலட்சுமிக்கும் லெட்சுமிக்கும் தூரம் 2. இந்தக் கணக்கின்படி, இலட்சுமியும் லெட்சுமியும் ஒருவர் என்பதைவிட, கமலாவும் விமலாவும் ஒருவர் என்பதற்கே வாய்ப்பு அதிகம்!

சொல்லின் நீளத்தையும் சேர்த்துச் சதவீதமாகக் கணக்கிட்டால் சரியாகும் என்று தோன்றலாம். ஓரளவு உதவும். "சுப்பிரமணியன்" என்பதில் எட்டு எழுத்துகள். அதைச் "சுப்ரமணியன்" என்று எழுதினால் ஓர் எழுத்து குறைகிறது. எட்டில் ஏழு பங்கு ஒற்றுமை, அதாவது 87.5 சதவீதம். கமலா, விமலாவில் மூன்றில் இரண்டு பங்கு. சுமார் 67 சதவீதம். ஆகவே 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒருவர் என்று விதி வைத்துவிடலாமா? இலட்சுமி, லெட்சுமி ஐந்து எழுத்துகளில் மூன்று பங்கு, 60 சதவீதம்தான். அவர் விடுபட்டுப் போவார். அவரைச் சேர்க்க விதியை 60க்குக் குறைத்தால் கமலாவும் விமலாவும் ஒன்றாகிவிடுவார்கள்.

ஏன் இப்படி? இந்த முறைக்கு எல்லா மாற்றமும் ஒரே விலை. ல எழுத்து ள ஆவதும் ஒன்று, க எழுத்து வி ஆவதும் ஒன்று. நம் காதுக்கு அப்படி இல்லை. அதனால்தான் இரண்டாவது முறை தேவைப்படுகிறது.

இரண்டாம் முறை: ஒலியைக் கொண்டு சேர்த்தல்

இந்த முறை கம்ப்யூட்டரைவிடப் பழையது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ராபர்ட் ரசல் என்பவர் 1918ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இது சவுண்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. பெயர்களை அகர வரிசையில் அடுக்காமல், ஒலிக்கும் விதத்தில் அடுக்கினால் என்ன என்பதுதான் யோசனை.

விதிகள் எளியவை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும். மற்ற எழுத்துகளை ஒலி வாரியாக ஆறு குழுக்களாகப் பிரித்து எண் தர வேண்டும். உதட்டில் பிறக்கும் ப, வ போன்ற ஒலிகளுக்கு 1. ட, த போன்றவற்றுக்கு 3. ல ஒலிக்கு 4. ம, ன ஒலிகளுக்கு 5. ர ஒலிக்கு 6. க, ச, ஜ போன்றவை 2. ராபர்ட் என்ற பெயருக்கு ஆர்-163 என்று குறியீடு வரும். ரூபர்ட் என்ற பெயருக்கும் ஆர்-163 தான். இரண்டும் ஒரே பெட்டியில் வந்து விழும்.

இது பெரிய அளவில் பயன்பட்டது 1930களில். அமெரிக்காவில் 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதியோருக்கு ஓய்வூதியம் தரப்பட்டது. ஆனால் வயதை நிரூபிக்கப் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரைத் தேடித்தான் வயதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். எனவே ஊழியர்கள் சவுண்டெக்ஸ் முறையில் அட்டை அட்டையாக அட்டவணை தயாரித்தார்கள். 1880 கணக்கெடுப்பில் 10 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள் இருந்த வீடுகளை மட்டுமே அட்டவணையில் சேர்த்தார்கள். அந்தக் குழந்தைகள்தானே 1930களில் ஓய்வூதியம் கேட்டு வரும் வயதை நெருங்கியவர்கள்!

சவுண்டெக்ஸ் ஆங்கிலப் பெயர்களுக்கு ஏற்றது. அதன் குறைகளைச் சரி செய்யப் பின்னர் வேறு முறைகள் வந்தன. யூதர்கள், ஸ்லாவியர்களின் பெயர்களுக்கென 1985ல் டெய்ச்-மொகோடாப் முறை வந்தது. 1990ல் லாரன்ஸ் பிலிப்ஸ் என்பவர் மெட்டாபோன் என்ற முறையை வெளியிட்டார். ஒவ்வொரு மொழிக்கும் அதன் ஒலிக்கு ஏற்ற விதிகள் வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

தமிழுக்கு ஒரு விதித் தொகுப்பு

தமிழ்ப் பெயர்களுக்கு நாமே ஒன்றைத் தயாரிக்கலாம். நான் வைத்திருக்கும் எளிய விதிகள் இவை.

1. க்ஷ வந்தால் ட்ச என்று மாற்று.
2. சொல்லின் தொடக்கத்தில் ர, ல வரிசை எழுத்துகளுக்கு முன் அ, இ, உ இருந்தால் நீக்கு. தமிழில் ர, ல சொல்லின் முதலில் வராது என்பதால்தான் இவற்றை முன்னால் சேர்த்து எழுதுகிறோம். இராமன், ராமன், அரங்கநாதன், ரங்கநாதன், உலோகநாதன், லோகநாதன்.
3. ஸ, ஷ, ஜ மூன்றையும் ச ஆக்கு. ஹ எழுத்தை க ஆக்கு.
4. ள, ழ இரண்டையும் ல ஆக்கு. ற எழுத்தை ர ஆக்கு. ந, ண இரண்டையும் ன ஆக்கு.
5. புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் நீக்கு.
6. ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு.

இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி நான்கையும் இந்த விதிகளில் போட்டுப் பாருங்கள். நான்குக்கும் "லடசம" என்ற ஒரே சாவிதான் கிடைக்கும். ராஜா, ராசா இரண்டுக்கும் "ரச". சுப்பிரமணியன், சுப்ரமணியன் இரண்டுக்கும் "சபரமனயன". கமலாவுக்குக் "கமல", விமலாவுக்கு "வமல". அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

வேலை முடிந்ததா? இல்லை. இலக்குமி என்று எழுதினால் "லகம" என்று வேறு சாவி வரும். அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வள்ளிக்கும் வேலுவுக்கும் ஒரே சாவிதான், "வல". இரண்டாவது விதியால் அருணின் அ போய்விடுவதால் அருண், ராணி, ரேணு மூவருக்கும் "ரன". சின்னப் பெயர்களில் இந்த மோதல் அதிகம். சாவி ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி ரேணுவையும் அருணையும் ஒருவராக்கிவிட முடியாது அல்லவா?

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துதல்

நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வேறு வேறு இடங்களிலிருந்து வரும் வாடிக்கையாளர் பட்டியல்களை ஒன்றாக்குவது என் வேலைகளில் ஒன்று. இந்த வேலையில் பொதுவாகப் பின்பற்றப்படும் வழிமுறை மூன்று படிகள் கொண்டது.

முதல் படி, திரட்டுதல். 1,000 பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 4,99,500 ஒப்பீடுகள். பெயர்கள் லட்சக்கணக்கில் போனால் கம்ப்யூட்டரே திணறும். எனவே ஒலிச் சாவி ஒன்றாக உள்ள பெயர்களை மட்டும் ஒரு குழுவாகத் திரட்டிக்கொள்ள வேண்டும். அருணும் ரேணுவும் ஒரே குழுவில் வந்தாலும் பரவாயில்லை. இந்தப் படியில் யாரையும் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி, அளத்தல். குழுவுக்குள் திருத்தத் தூரத்தைக் கணக்கிட வேண்டும். வள்ளியும் வேலுவும் இங்கே விலகிப் போவார்கள். இனிஷியல் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். "ரா. முருகன்" என்பவர் இன்னொரு பட்டியலில் "முருகன் ராமசாமி" என்று இருக்கலாம். சொற்களின் வரிசையை மட்டும் பார்த்தால் இவர் தப்பிவிடுவார்.

மூன்றாம் படி, முடிவெடுத்தல். இங்கே பெயர் மட்டும் போதாது. பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி, போன் எண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றை வைத்து மூன்று குவியலாகப் பிரிக்கலாம். நிச்சயம் ஒருவரே, நிச்சயம் வேறு வேறு, சந்தேகம். சந்தேகக் குவியலை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செலவு என்று சொல்லி அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

தளர்த்தினால் ஒரு தவறு, இறுக்கினால் இன்னொரு தவறு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அப்போது, கடும் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள் ஓட்டுரிமையைத் திரும்பப் பெறாத வரை ஓட்டுப் போட முடியாது. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன், தண்டனை பெற்றவர்களின் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். பெயர் முழுவதும் பொருந்த வேண்டியதில்லை, பெருமளவு ஒத்திருந்தால் போதும் என்று விதி தளர்வாக இருந்தது. விளைவு, எந்தக் குற்றமும் செய்யாத பலரின் பெயர்கள் நீக்க வேண்டியவர்களின் பட்டியலில் வந்துவிட்டன. அந்த மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் வென்றது 537 ஓட்டு வித்தியாசத்தில். அந்த வெற்றியால்தான் அவர் அதிபரானார்.

அப்படியானால் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்று இறுக்கிவிடலாமா? பக்கத்து மாநிலமான ஜார்ஜியா அதைச் செய்தது. வாக்காளராகப் பதிவு செய்பவர் தரும் விவரம் அரசிடம் உள்ள ஓட்டுநர் உரிமம் அல்லது சமூகப் பாதுகாப்புப் பதிவோடு அப்படியே பொருந்த வேண்டும் என்று 2017ல் சட்டம் வந்தது. பெயரில் ஒரு சிறு கோடு விடுபட்டாலும், ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நிலுவையில் போடப்பட்டது. 2018 தேர்தலின்போது சுமார் 53,000 விண்ணப்பங்கள் இப்படி நின்றன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பினத்தவருடையவை. அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்று வழி இருந்தது. இருந்தாலும், தன் பெயர் பட்டியலில் நிலுவை என்று இருப்பதைப் பார்த்து எத்தனை பேர் சாவடிக்கு வரத் தயங்கியிருப்பார்கள்? அடுத்த ஆண்டு அந்த விதி தளர்த்தப்பட்டது.

இரண்டு இடங்களிலும் கம்ப்யூட்டர் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. எத்தனை சதவீதம் ஒத்திருந்தால் ஒருவர் என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையை வைத்தவர்கள் மனிதர்கள். எல்லையைத் தளர்த்தினால் இரண்டு பேர் ஒருவராவார்கள். இறுக்கினால் ஒருவர் இரண்டு பேராவார். இரண்டு தவறுகளும் வராத எல்லை எதுவும் கிடையாது. எந்தத் தவறு வந்தால் யாருக்கு என்ன இழப்பு என்று பார்த்துத்தான் எல்லையை வைக்க வேண்டும். கூகுள் தவறான சொல்லைக் காட்டினால் நமக்கு ஒரு கிளிக் நஷ்டம். ஒருவரின் ஓட்டுரிமையோ ஓய்வூதியமோ மருத்துவமனைக் குறிப்போ மற்றொருவருடையதோடு கலந்தால், அது கிளிக்கில் போகும் நஷ்டம் அல்ல.

நம் ஊரிலும் ஓர் அட்டையில் இலட்சுமி என்றும், இன்னொன்றில் லட்சுமி என்றும் பெயர் இருப்பவர்கள் ஏராளம். உங்கள் வீட்டில் உள்ள ஆவணங்களில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அவசரம் வரும் முன்பே திருத்த விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த முறைகளைச் சோதிக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் இதற்கு வசதி இருக்கிறது. ரைட்டரைத் திறந்து பழம், பளம், நலம், கலம், புத்தகம் என்று ஐந்து சொற்களை வரிக்கு ஒன்றாக டைப் செய்யுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எச் கீயை அழுத்துங்கள். பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கட்டம் திறக்கும். அதில் அதர் ஆப்ஷன்ஸ் பிரிவை விரித்தால் சிமிலாரிட்டி சர்ச் என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்து, பக்கத்தில் உள்ள சிமிலாரிட்டீஸ் பட்டனை அழுத்துங்கள். எழுத்து மாற்றம், எழுத்துச் சேர்ப்பு, எழுத்து நீக்கம் என்று மூன்று எண்களைக் கேட்கும். நாம் மேலே பார்த்த அதே மூன்று திருத்தங்கள்தான்! மூன்றிலும் 1 என்று தந்து ஓகே செய்யுங்கள். தேட வேண்டிய சொல்லாகப் "பலம்" என்று கொடுத்து பைண்ட் ஆல் அழுத்துங்கள். புத்தகம் தவிர மற்ற நான்கும் அகப்படும். பழமும் பளமும் வந்தது சரி. நலமும் கலமும் ஏன் வந்தன என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

எம்.எஸ். வேர்டில் ஒலிக் குழுவைப் போலத் தேடலாம். பைண்ட் கட்டத்தில் மோர் பட்டனை அழுத்தி, யூஸ் வைல்ட்கார்ட்ஸ் என்பதில் டிக் செய்யுங்கள். தேடும் சொல்லை ப[லளழ]ம் என்று சதுர அடைப்புக்குறி போட்டுக் கொடுங்கள். அந்த இடத்தில் ல, ள, ழ மூன்றில் எது இருந்தாலும் எடுத்துத் தரும். நலமும் கலமும் வராது.

எக்ஸெலில் கல்யாணப் பத்திரிகை அனுப்பும் முகவரிகளை வைத்திருப்பவர்கள் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் வசதியைப் பயன்படுத்துவது உண்டு. அது அப்படியே பொருந்துவதை மட்டும்தான் நீக்கும். இலட்சுமியும் லட்சுமியும் அதில் இருவராகவே இருப்பார்கள். முதலில் ட்ரிம் பங்க்ஷனைக் கொண்டு கூடுதல் இடைவெளிகளை நீக்குங்கள். பிறகு போன் எண் உள்ள பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே எண் உள்ளவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். பார்த்து நீங்களே நீக்கிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே போன் எண் இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கூகுள் கான்டாக்ட்ஸில் ஒரே நபரின் பதிவுகளை ஒன்றாக்க மெர்ஜ் அண்ட் பிக்ஸ் என்ற வசதி தரப்பட்டுள்ளது. அங்கே மெர்ஜ் ஆல் என்ற பட்டனை உடனே அழுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு ஜோடியையும் படித்துப் பார்த்து, சரியானதை மட்டும் ஒன்றாக்குங்கள். அதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது ஒரே விதத்தை வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை ஒருமுறை முடிவு செய்து அதையே பின்பற்றுங்கள். பெயரை முழுவதும் டைப் செய்யாமல் முதல் மூன்று, நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். பிழை சொல்லின் பின்பகுதியில் இருந்தால் பைல் அகப்பட்டுவிடும்.

எந்தப் புரோகிராமாக இருந்தாலும், இரண்டு பெயர்கள் ஒன்றுதான் என்று அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பதையும் ஒன்று சேர்ப்பதையும் பார்த்த பிறகு நீங்கள் செய்யுங்கள்.